கசிவைத் தடுத்த கைகள்: வேடசந்தூர்ப் பகுதியின் நீர்ப் பழுதுநீக்க வரலாறு

நீரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெட்டியோரையும் கட்டியோரையும் பற்றியே எழுதுகின்றனர். ஏரி வெட்டிய மன்னர், அணை கட்டிய பொறியாளர், கிணறு தோண்டித் தானம் செய்த வணிகர் ஆகியோரின் பெயர்கள் கல்லிலும் ஏட்டிலும் இடம்பெற்றுள்ளன. அவர்கள் கட்டியதை நூறாண்டு, இருநூறாண்டு ஓடச் செய்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. தூர் வாரியவர், தோல் தைத்தவர், வாஷர் மாற்றியவர், இணைப்பில் சணல் சுற்றியவர் ஆகியோர் வரலாற்றின் வெளிவாசலிலேயே நின்றுவிட்டனர். ஆயினும் ஒரு நீர் ஏற்பாடு வாழ்வதும் மாள்வதும் அவர்கள் கையில்தான் இருந்து வந்துள்ளது. திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர்ப் பகுதியை முன்வைத்து இவ்வுண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேடசந்தூர், திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் செல்லும் பெருவழியில் அமைந்த பேரூராட்சி. கீழ்ப்பழனி மலைகளில் தோன்றி ஆத்தூர் வழியாக வரும் குடகனாறு இவ்வூரையொட்டி ஓடிக் கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இது. நிலத்தடியிலோ கடினப் பாறை. பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் தங்கும் மழைநீரே கிணறுகளின் ஊற்று. ஆறு என்றும் நிறைந்து ஓடும் ஊரில் ஒரு குழாய் கசிந்தால் அது எரிச்சல் மட்டுமே. ஆறு வற்றும் ஊரில் அது இழப்பு. ஆகவே பழுதுநீக்கத்தின் வரலாற்றைத் தேட இத்தகைய வறண்ட சமவெளியே ஏற்ற இடம் எனலாம்.

இப்பகுதி மக்களின் நீர் வாழ்வை மூன்று காலங்களாகப் பிரித்துக் காணலாம். முதலாவது கிணற்றுக் காலம், இரண்டாவது அடிகுழாய்க் காலம், மூன்றாவது வீட்டுக் குழாய்க் காலம். ஒவ்வொரு காலத்துக்கும் உரிய பழுதும், அதை நீக்குவோரை ஊர் தேடிக்கொண்ட முறையும் வேறு வேறானவை.

கிணறும் கமலையும்

கிணற்றுக் காலத்தில் பழுது ஊருக்குள்ளேயே தோன்றி ஊருக்குள்ளேயே தீர்ந்தது. ஊற்றுக்கண் அடைபட்டால் கோடையில் இறங்கித் தூர் வாருவர். உருளை தேய்ந்தால் தச்சர் மாற்றுவார். வயலுக்கு நீர் இறைத்த கமலையில் இரும்புச் சாலின் அடியில் தும்பி எனப்படும் தோற்குழாய் பொருத்தப்பட்டிருந்தது. மாடுகள் இழுக்க, சால் மேலே வந்ததும் அத்தோற்குழாய் வழியாகவே நீர் வாய்க்காலில் கொட்டும். தோல் கிழிந்தால் அன்றைய பாசனம் நின்றுவிடும். அதைத் தைத்துத் தந்த தோல் தொழிலாளர்க்கு அறுவடைக் காலத்தில் களத்திலேயே தானியமாகக் கூலி அளக்கப்பட்டது. ஒவ்வொரு முறைக்கும் காசு கொடுத்து அழைக்கும் ஏற்பாடன்று அது. ஆண்டு முழுவதும் அழைத்தபோது வரவேண்டும் என்பது வழக்கு. சாதியின் இறுக்கமும் இழிவும் அவ்வேற்பாட்டில் கலந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் பழுது வரும் என்பதை முன்கூட்டியே எண்ணி, அதை நீக்குபவர்க்கு விளைச்சலில் பங்கு ஒதுக்கிய ஏற்பாடு அது என்பதையும் மறுக்க இயலாது.

ஏரி, வாய்க்கால்களைப் பொறுத்தவரை குடிமராமத்து என்னும் வழக்கம் நிலவியது. பாசனம் பெறுவோர் தத்தம் உழைப்பைத் தந்து கரையையும் வாய்க்காலையும் பேணுவர். ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. அதனை நிலைநிறுத்த 1858ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கமாக வாழ்ந்த ஒன்றைச் சட்டமாக எழுத வேண்டிய நிலை வந்ததே அவ்வழக்கம் நலிந்ததற்குச் சான்றாகும்.

வக்ஃபின் முதற் செலவு

இவ்விடத்தில் நம் கண்ணைச் சற்று அகல விரித்து, இஸ்லாமிய உலகம் இச்சிக்கலை எவ்வாறு அணுகியது என்பதை நோக்குவது பயன் தரும். நீர் வழங்கலை அறமாகக் கண்ட சமுதாயம் அது. கலீஃபா ஹாரூன் அல்-ரஷீதின் துணைவியார் ஸுபைதா (மறைவு ஹிஜ்ரீ 216 / கி.பி. 831) மக்காவுக்கு நீர் கொணர்ந்த செய்தி நம் வாசகர்கள் நன்கறிந்தது. ஆனால் ‘ஐன் ஸுபைதா’ என்னும் அந்நீர்வழி பல நூற்றாண்டுகள் பயன்பட்டது அவர் கட்டியதால் மட்டுமன்று. அது தூர்ந்தும் உடைந்தும் போனபோதெல்லாம் பின்வந்தோர் அதனைச் செப்பனிட்டனர். 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா செய்வித்த சீரமைப்பு அவற்றுள் ஒன்று.

தனி மனிதரின் ஈகையை மட்டும் நம்பிப் பழுதுநீக்கம் நடைபெறாது என்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் உணர்ந்திருந்தனர். ஹனஃபீ மத்ஹபின் புகழ்பெற்ற நூலான ‘ஹிதாயா’வை இயற்றிய இமாம் மர்கீனானீ (மறைவு ஹிஜ்ரீ 593 / கி.பி. 1197) வக்ஃபு பற்றிய பகுதியில் ஒரு விதியைத் தெளிவாக வகுத்துள்ளார். வக்ஃபின் வருவாயிலிருந்து முதலாவதாகச் செய்யப்பட வேண்டிய செலவு அவ்வக்ஃபுச் சொத்தைப் பழுதுபார்க்கும் செலவே. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை விதித்திருந்தாலும் விதிக்காவிட்டாலும் இதுவே சட்டம். ஏழைகளுக்கான பங்குகூட அதற்கு அடுத்ததே. இதன் காரணம் எளிதில் விளங்கும். வக்ஃபின் நோக்கம் பலன் நிரந்தரமாக வந்துகொண்டிருப்பது. பழுதுபாராமல் அந்நிரந்தரம் இல்லை. திண்டுக்கல் வட்டாரத்து இராவுத்தர் சமூகத்தார் மிகுதியாகப் பின்பற்றும் மத்ஹபின் விதி இது என்பதால் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

இவ்விதியின் நடைமுறை உருவத்தை இஸ்தான்பூலில் காணலாம். கட்டடக் கலைஞர் சினான் 1554க்கும் 1564க்கும் இடையே அமைத்த கிர்க்சஷ்மே நீர்வழி அந்நகரின் நீரூற்றுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நீர் தந்தது. அதனையும் பிற நீர்வழிகளையும் பேணுவதற்கென்றே ‘சுயோல்ஜு’ எனப்படும் நீர்வழித் தொழிலாளர் இருந்தனர். சுட்ட மண்குழாய்களின் இணைப்புகளை அவர்கள் ‘லோக்குன்’ என்னும் பசையால் அடைத்தனர். சுண்ணாம்பு, ஆளிவிதை எண்ணெய், பஞ்சு ஆகியவற்றைப் பிசைந்து செய்யப்படும் பசை அது. நம்மூர்ப் பிளம்பர்கள் அண்மைக் காலம் வரை இரும்புக் குழாயின் மரையில் சணல் நாரைச் சுற்றி, எண்ணெயில் குழைத்த வெள்ளையைப் பூசி இறுக்கிய முறையை நினைவூட்டும் செயல் இது. ஊர் வேறு, காலம் வேறு. நீரைத் தடுக்க மனிதர் கண்ட வழி நாரும் எண்ணெயும் கலந்த குழம்புதான்.

இயந்திர நுட்பத்திலும் இவ்வுறவைக் காணலாம். 9ஆம் நூற்றாண்டின் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர் தம் ‘கிதாபுல் ஹியல்’ நூலில் கூம்பு வடிவ வால்வுகளையும் மிதவையால் இயங்கும் அடைப்புகளையும் விவரித்துள்ளனர். இன்று நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் நீர் நிறைந்ததும் தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வு அக்கருத்தின் வழிவந்தது. 1206ஆம் ஆண்டில் தம் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரீ இரு உருளைகள் கொண்ட உறிஞ்சு பம்பு ஒன்றை வரைந்து காட்டினார். அதன் உந்துதண்டில் இரண்டு செப்புத் தகடுகளுக்கிடையே சணற்கயிற்றைச் சுற்றி நீர் கசியாமல் செய்தார். பெரும் பொறியாளரின் கற்பனை முழுவதும் இறுதியில் ஒரு சணற்கயிற்றின் இறுக்கத்தில் வந்து நின்றது. அக்கயிறு தேயும், மாற்றப்பட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

அடிகுழாயும் அஞ்சலட்டையும்

இனி நம் பகுதியின் இரண்டாம் காலத்துக்கு வருவோம். 1960களின் பிற்பகுதியில் வட இந்தியாவில் நிலவிய கடும் வறட்சியின்போது யுனிசெஃப் நிறுவனம் பாறையைத் துளைக்கும் துரப்பண இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட கடினப் பாறை மாநிலங்களுக்கும் அவை பரவின. திறந்த கிணறு வற்றிய ஊரிலும் ஆழ்துளைக் கிணற்றில் நீர் கிடைத்தது. அதன்மேல் பொருத்தப்பட்ட அடிகுழாய்களோ விரைவில் பழுதாயின. ஒரு பண்ணை வீட்டின் பயன்பாட்டுக்கென மேலைநாடுகளில் வடிவமைக்கப்பட்ட வார்ப்பிரும்புப் பம்பின் பிரதிகள் அவை. ஊரே திரண்டு விடியல் முதல் இருட்டும் வரை அடித்தபோது அவை தாங்கவில்லை. துளையில் நீர் இருந்தும் குடத்தில் நீர் இல்லை என்னும் நிலை 1970களின் நடுவில் நாடெங்கும் காணப்பட்டது.

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டதில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பிடம் உண்டு. சோலாப்பூர் வட்டாரத்துப் பம்பு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப், சென்னையிலிருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம், ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலை ஆகியவை இணைந்து ‘இந்தியா மார்க் II’ என்னும் பம்பை உருவாக்கின. 1976-77இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் அது களச் சோதனைக்கு உள்ளாயிற்று. 1979இல் அதற்கு இந்தியத் தர நிர்ணயம் வகுக்கப்பட்டது. எஃகுத் தாங்கு, கைப்பிடியோடு தண்டை இணைக்கும் சங்கிலி, மூடப்பட்ட குண்டுத்தாங்கி ஆகியவை அதன் சிறப்புக்கூறுகள்.

ஆனால் பம்பை உருவாக்கியதைவிட, அதன் பழுதை நீக்க அமைத்த ஏற்பாடே வரலாற்று மாணவர் கவனத்துக்குரியது. 1976இல் திருநெல்வேலி மாவட்டத்தில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை தொடங்கப்பட்டது. முதலடுக்கில் ஊர்தோறும் ஒரு பராமரிப்பாளர் இருந்தார். ஊதியம் பெறாத உள்ளூர்க்காரர் அவர். திருகாணிகளை முடுக்குவதும் சங்கிலிக்கு மசகு இடுவதும் பம்பைச் சுற்றித் தூய்மை காப்பதும் அவர் கடமை. இரண்டாம் அடுக்கில் ஊராட்சி ஒன்றியத்தின் பிட்டர். மூன்றாம் அடுக்கில் குழாய்களை மேலே தூக்கும் கருவிகளோடு வண்டியில் வரும் மாவட்டக் குழு. பம்பு பழுதானால் பராமரிப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றே. தம்மிடம் தரப்பட்டிருந்த, முகவரி முன்பே அச்சிட்ட அஞ்சலட்டையைத் தபாலில் சேர்க்க வேண்டும். தொலைபேசி எட்டாத ஊர்களில் அவ்வட்டையே பழுது பார்ப்பவரை அழைக்கும் குரல். பின்னாளில் நாட்டின் பிற பகுதிகளுக்கும் இம்முறை எடுத்துக்காட்டாயிற்று.

இம்முறைக்குள்ளும் ஒரு குறை இருந்தது. தரைக்கடியில் உருளைக்குள் ஏறி இறங்கும் உந்துதண்டில் தோலாலான கிண்ண வாஷர்கள் பொருத்தப்பட்டிருந்தன. தேய்வது பெரும்பாலும் அவைதாம். கமலையின் தோல் தும்பி மறைந்த பின்னும் தோல் நம் நீரைவிட்டு விலகவில்லை என்பது நோக்கத்தக்கது. சில ரூபாய் பெறுமான அத்தோல் வளையத்தை மாற்ற, துளைக்குள் தொங்கும் இரும்புக் குழாய்கள் அனைத்தையும் ஒவ்வொன்றாக மேலே எடுக்க வேண்டும். அதற்கு மாவட்டக் குழுவே வரவேண்டும். வண்டி வருவதற்குள் நாள்கள் பல கழிந்துவிடும். அதுவரை பெண்கள் பழைய கிணற்றுக்கோ அடுத்த ஊருக்கோ குடம் சுமந்தனர்.

1983 முதல் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடைபெற்ற ஆய்வுகள் இதற்கு இரு தீர்வுகளைத் தந்தன. தோலுக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர்கள் நெடுநாள் உழைத்தன. குழாயை அகலமாக்கி உருளையின் மேல்வாயைத் திறந்தே விட்டால், குழாயை எடுக்காமல் உந்துதண்டை மட்டும் மேலே இழுத்து வாஷரை மாற்றிவிடலாம் என்பதும் தெளிவாயிற்று. ‘இந்தியா மார்க் III’ இவ்வாறு பிறந்தது. வண்டிக்காகக் காத்திருந்த பழுதை ஊரிலுள்ள ஒருவரே நீக்கும் பழுதாக மாற்றியதுதான் அதன் சாதனை. பொருளை வடிவமைப்பவர் பழுதுபார்ப்பவரின் கையை மனத்திற்கொண்டு வடிவமைத்த அரிய நிகழ்வு இது.

வீட்டுக்குள் வந்த குழாய்

மூன்றாம் காலம் வீட்டுக் குழாய்க் காலம். குழாய்வழிக் குடிநீர் தமிழகத்துக்குப் புதியதன்று. சென்னைக் கோட்டைக்கு 1772இல் ஏழு கிணறுகளிலிருந்து நீர் சென்றது. 1872இல் செங்குன்றம் ஏரி நீர் சென்னை நகருக்குக் கொணரப்பட்டது. சிற்றூர்களுக்கும் சிறு நகரங்களுக்கும் அது பரவியது 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் அமைந்த பின்னரே. வேடசந்தூர்ப் பகுதிக்குக் காவிரிக் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வழியாகக் காவிரி நீரும் வரலாயிற்று. மணற்படுகையாய்க் கிடக்கும் ஆற்றின் கரையிலிருந்துகொண்டு வேறோர் ஆற்றின் நீரைக் குழாயில் பெறும் நிலை அது. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் ஊரகப் பகுதியின் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரும் என இலக்கு வகுத்தது.

இம்மாற்றத்தால் பழுதின் இருப்பிடம் மாறிற்று. ஊர்ப் பொதுவில் ஒரே அடிகுழாய் பழுதானபோது அது அனைவரின் கவலையாக இருந்தது. இன்று வீட்டுக்கு ஐந்தாறு குழாய்கள், தரைத்தொட்டி, மோட்டார், மாடித் தொட்டி, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி என ஆயிரம் இடங்களில் பழுது பிறக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டின் கவலையாகச் சுருங்கிவிட்டது.

அப்பழுதுகளின் தன்மையை அறிந்துகொள்வது அவசியம். நாம் திருகித் திறக்கும் குழாயின் வடிவத்தை 1845இல் இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரத்துப் பித்தளை வார்ப்புத் தொழிலகமான கெஸ்ட் அண்டு கிரைம்ஸ் அறிமுகம் செய்தது. திருகும்போது தண்டு கீழிறங்கி, அதன் நுனியிலுள்ள வாஷரை நீர் வரும் துளையின் விளிம்பில் அழுத்தி அடைக்கிறது. தொடக்கத்தில் அவ்வாஷரும் தோலாலானதே. பின்னரே ரப்பர் வந்தது. குழாய் வாயில் சொட்டினால் வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது அது அமரும் விளிம்பு அரித்திருக்கும். கைப்பிடியின் அடியில் கசிந்தால் தண்டைச் சுற்றியுள்ள நூல் தளர்ந்திருக்கும். சொட்டும் குழாயை மேலும் மேலும் இறுக்குவது நம் வழக்கம். அது தேய்ந்த வாஷரை நசுக்கி, விளிம்பையும் கெடுத்து, சிறு பழுதைப் பெரும்பழுதாக்கும். செய்ய வேண்டியது மேலேயுள்ள வால்வை மூடிவிட்டு, குழாயைக் கழற்றி வாஷரை மாற்றுவதே.

கடின நீர் கிடைக்கும் இப்பகுதியில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள சுண்ண உப்புகள் குழாய் வாயிலும் வால்விலும் வெண்படிவமாகத் தங்கும். மிதவை வால்வின் நெம்புகோல் அதனால் இறுகி, தொட்டி நிறைந்த பின்னும் மூடாமல் நிற்கும். வழிந்தோடும் நீர் சுவரை நனைக்கும் வரை எவரும் அறிவதில்லை. அவ்வப்போது புளியோ எலுமிச்சையோ கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் அப்படிவம் கரையும். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் கசிவோ கண்ணுக்கும் காதுக்கும் எட்டாது. தொட்டி நீரில் சிறிது நீலம் கலந்து அரைமணி நேரம் பயன்படுத்தாமல் விட்டுப் பீங்கானில் நிறம் தெரிகிறதா என்று பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

ஒரு சொட்டின் கணக்கையும் பார்ப்போம். ஏறத்தாழ 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டும் குழாய் நாளொன்றுக்கு 86,400 துளிகளை, அதாவது சுமார் 4.3 லிட்டரை இழக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. முத்தின் அளவில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டெனினும் அது ஒரு லிட்டரை ஒட்டியதே, அல்லது அதனினும் குறைந்ததே. ஆக, எவரும் பயன்படுத்தாத ஒரு சொட்டுக் குழாய் நாள்தோறும் குறைந்தது நான்கு பேரின் ஒளு நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. ஓராண்டில் அது 1,577 லிட்டர். 55 லிட்டர் கணக்கில் ஒருவரின் 28 நாள் பங்கு.

இழப்போடு இது முடிவதில்லை. சில நாள்களுக்கு ஒருமுறை மட்டும் நீர் விடப்படும் ஊர்களில் குழாய் பெரும்பாலான நேரம் வெறுமையாகக் கிடக்கும். நீர் நிறுத்தப்பட்டதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் உள்ள இடத்தில் சுற்றிலுமுள்ள நீர் உள்ளே இழுக்கப்படும். அவ்விடம் சாக்கடையோரம் ஆயின் அடுத்த முறை வரும் நீரின் முதல் குடங்களில் நோய்க் கிருமிகளும் வரும். எந்தத் துளை வழியாக நன்னீர் வெளியேறுகிறதோ அதே துளை வழியாகவே அழுக்கு உள்ளே நுழைகிறது. வெளிக்குழாயின் கசிவைக் கண்டும் காணாதிருப்பது பொருளிழப்பைவிடப் பெரிய கேடு. அதன் விலையைப் பெரும்பாலும் தருபவர்கள் குழந்தைகள்.

நீக்க இயலாத பழுது

பழுதுநீக்கத்தின் எல்லையையும் இப்பகுதியின் வரலாறே காட்டுகிறது. வேடசந்தூர் வட்டத்தில் அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை 1977ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்தது, பின்னர் சீரமைக்கப்பட்டது. உடைந்த அணையையும் மீண்டும் எழுப்பலாம். அவ்வாறு மீண்டும் எழுப்ப இயலாத ஒன்று அதே ஆற்றின் மேற்பகுதியில் நிகழ்ந்தது. திண்டுக்கல்லைச் சுற்றிப் பெருகிய தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நீர் நெடுங்காலம் நிலத்திலும் ஓடைகளிலும் விடப்பட்டது. கிணறுகள் உவர்த்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, அந்நாளில் திண்டுக்கல் அண்ணா மாவட்டம் எனப்பட்ட இம்மாவட்டத்தின் ஆலைகளையும் தழுவியதாகும். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது.

தோல் வணிகத்தில் தமிழ் முஸ்லிம்களுக்கு நெடுங்காலப் பங்கு உண்டு. பல பள்ளிவாசல்களும் கல்வி நிலையங்களும் அவ்வணிகத்தின் கொடையால் எழுந்தவை. நம் நீரை இறைத்துத் தந்த தோலும் நம் கிணற்றைக் கெடுத்த கழிவும் ஒரே தொழிலின் இரு முகங்கள் என்பதைப் பெருமையோடு வருத்தத்தையும் சேர்த்தே நாம் எண்ண வேண்டும். தேய்ந்த வாஷரைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பாறை வெடிப்புகளில் இறங்கிவிட்ட உப்பை எடுத்துவிட எந்தப் பிளம்பரிடமும் கருவி இல்லை.

பழுதுபார்ப்போரின் நிலை

இன்று பழுதுபார்ப்பவர் யார்? பேரூராட்சியின் குழாய் பொருத்துநரும், ஊராட்சியின் தொட்டி இயக்குபவரும் வீதியின் வால்வு வரைக்கும் உரியவர்கள். வீட்டுக்குள் தனியார் பிளம்பரே வரவேண்டும். அவர்களுள் பலர் மூத்த ஒருவரோடு சென்று கைப்பழக்கத்தால் கற்றவர்கள். வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பியோரும் உளர். கூலிக்கு வரையறை இல்லை. செய்த பணிக்கு உறுதி இல்லை என வீட்டார் குறை கூறுவர். சிறு பணிக்கு அழைத்தால் போக்குவரத்துச் செலவுக்கும் கட்டுபடியாகவில்லை எனத் தொழிலாளர் கூறுவர். இரண்டும் உண்மையே. ஆகவே சிறு பழுது சிறிதாக இருக்கும்போது நீக்கப்படுவதில்லை.

இத்தொழில் ஒரு வட்டாரத்தின் பெருமையாகவும் ஆகக்கூடும் என்பதற்கு ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாரா மாவட்டம் சான்று. அம்மாவட்டத்தின் பட்டாமுண்டை வட்டாரத்திலிருந்து கொல்கத்தாவுக்குச் சென்று குழாய்த் தொழில் கற்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இந்தியாவின் பெருநகரங்களெங்கும் பணிபுரிகின்றனர். அவ்வூரிலேயே அரசு ஒரு குழாய்த் தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தையும் அமைத்துள்ளது. பூட்டுத் தொழிலால் பெயர் பெற்று, 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்ற திண்டுக்கல்லில் உலோகத்தின் நுண்மையை அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. பூட்டின் நெம்பும் குழாயின் தண்டும் ஒரே வகைக் கவனத்தை வேண்டுபவை.

ஜல் ஜீவன் இயக்கமும் கட்டுவதோடு நின்றுவிடாமல் உள்ளூரில் பழுது நீக்குவோரை உருவாக்க ‘நல் ஜல் மித்ரா’ என்னும் பயிற்சித் திட்டத்தை வகுத்தது. இவ்வியக்கத்தின் காலம் 2028 வரை நீட்டிக்கப்படும் என 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபோது, பராமரிப்புக்கு முதன்மை தரப்படும் என்பதும் சேர்த்துக் கூறப்பட்டது. திருநெல்வேலியின் அஞ்சலட்டை அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்பித்த பாடம் இது.

நம் ஜமாஅத்துகள் இதில் செய்யக்கூடியது யாது? பள்ளிவாசலின் ஒளுக் குழாய்கள் நாளொன்றுக்கு ஐந்து வேளை பலரால் திருகப்படுபவை. வீட்டுக் குழாயைவிட விரைவில் தேய்பவை. புதிய மாடிக்கும் மினாராவுக்கும் நன்கொடை எளிதில் சேர்கிறது. வாஷருக்கென எவரும் நன்கொடை அறிவிப்பதில்லை. ஹிதாயாவின் விதியை முதவல்லிகள் தம் கணக்கேட்டில் நடைமுறைப்படுத்தலாம். ஆண்டு வரவில் பழுதுபார்ப்புக்கெனத் தனித் தலைப்பு ஒன்றை முதல் வரியாக எழுதலாம். மாதம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் சோதிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, அதற்குரிய ஊதியத்தையும் தரலாம். மஹல்லாவின் இளைஞர் சிலருக்கு இத்தொழிலைக் கற்பித்து, கணவரை இழந்தோர், முதியோர் வீடுகளின் சிறு பழுதுகளை அவர்களைக் கொண்டே நீக்கச் செய்து, அதன் கூலியை ஜமாஅத்தே ஏற்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை.

கிணறு வெட்டுவது நன்மை தொடரும் அறம் என நம் முன்னோர் கொண்டனர். அந்நன்மை எதனால் தொடர்கிறது என்று கேட்டால், வெட்டியவருக்குப் பின் ஆண்டுதோறும் அதில் இறங்கித் தூர் வாரியவர்களால் என்பதே விடை. வேடசந்தூரின் சமவெளியில் நீர் இனியும் பற்றாக்குறையாகவே இருக்கும். அங்குக் குழாய் பதிப்பவருக்குத் தரும் மதிப்பில் பாதியையேனும் அதைப் பேணுபவருக்கும் தரும் நாளில்தான் அக்குழாய் அடுத்த தலைமுறைக்கும் நீர் தரும்.